‘பெட்டி என்ன விலை?’ - கொடைக்கானல் குளிரில் அப்பாவுக்காக முளைத்த இனிப்புத் தக்காளி!

காலை ஆறரை மணி. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர், டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் மகளிடம் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“பாப்பா, ஒட்டன்சத்திரத்துல இன்னிக்குத் தக்காளி பெட்டி என்ன வெல?”

மகளுக்கு 48 வயது. வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறார். விற்பதற்கு அவரிடம் ஒரு தக்காளிகூடக் கிடையாது. அப்பாவும் விவசாயத்தை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தாலும் மகள் போனைத் திறந்து, ஊர்க்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய மார்க்கெட் விலையைத் தேடிச் சொல்வார். 14 கிலோ பெட்டிக்கு இவ்வளவு என்று கேட்டதும் பெரியவர் தலையை ஆட்டிக்கொள்வார். விலை ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அதே தலையாட்டல்தான்.

ஆடுகளுக்குப் போன பழம்

பழநி மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது ஒட்டன்சத்திரம். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று. கேரளாவுக்கு தினமும் லாரி லாரியாகக் காய்கறி ஏறும் ஊர். அதற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வைத்திருந்தார் பெரியவர். வருஷா வருஷம் தக்காளிதான்.

மகள் பத்தாம் வகுப்பு முடித்த வருஷம், பழம் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கிடைக்கவில்லை. இரண்டு நாள் பெட்டிகளை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பிய பெரியவர், மூன்றாவது நாள் பறிக்க ஆள் கூப்பிடவில்லை. செடியிலேயே பழுத்துத் தொங்கியதை ஆடுகள் மேயட்டும் என்று வேலியைத் திறந்துவிட்டார். அந்த ஜூன் மாதம் மகள் பதினொன்றாம் வகுப்பில் சேரவில்லை. பக்கத்து ஊர் தையல் கிளாஸில் சேர்ந்தார். சில வருஷங்களில் கல்யாணமாகி மலை ஏறினார். கணவர் சுற்றுலா வேன் ஓட்டுகிறார்.

அந்த வருஷத்தைப் பற்றி அப்பாவும் மகளும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை.

அம்மா இறந்த பிறகு, 2022 கடைசியில் அப்பாவைத் தன்னோடு அழைத்து வந்தார் மகள். 7,000 அடி உயரக் குளிர் அவருக்குப் பிடிக்கவில்லை. மண்ணைத் தொட்டே பழகிய கைக்கு இங்கே வேலை இல்லை. சாப்பாடு நாளுக்கு நாள் குறைந்தது. காலையில் அரை டம்ளர் கஞ்சி, ராத்திரி ஒரு இட்லி. “பசிக்கல பாப்பா” என்று சொல்லித் தட்டைத் தள்ளிவைப்பார்.

ஐந்து பழங்கள்

2023 பொங்கல் விடுமுறைக்கு மதுரைக் கல்லூரியிலிருந்து பேத்தி வந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய சின்ன டப்பா ஒன்று பையில் இருந்தது. கோலிக்குண்டு அளவில் செர்ரி தக்காளி.

“தாத்தா, இதைச் சாப்பிட்டுப் பாருங்க. திராட்சை மாதிரி இருக்கும்.”

பச்சைத் தக்காளியையா என்று யோசித்த பெரியவர், ஒன்றை வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. மொத்தம் ஐந்து. பல வாரங்களில் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“என்ன ரகம் இது? இப்படி இனிக்குது?”

மீதியிருந்த நான்கு பழங்களை மகள் பத்திரப்படுத்தினார். அன்று ராத்திரி அவற்றை ஒரு டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தார். தக்காளி விதையைச் சுற்றிக் கொழகொழவென்று ஒரு உறை இருக்கும். அது இருக்கும் வரை விதை முளைக்கத் தயங்கும். இரண்டு மூன்று நாள் புளித்தால் அந்த உறை கரைந்துவிடும். கொடைக்கானல் குளிரில் புளிக்க ஐந்து நாள் ஆனது. அலசியதும் நல்ல விதைகள் அடியில் தங்கின. பொக்கு விதைகள் மிதந்தன. நிழலில் காயவைத்து எண்ணிப் பார்த்தால் நூற்றுக்கு மேல் இருந்தன.

ஒரு காலத்தில் பெரியவரே விதை எடுத்துச் சாம்பலில் புரட்டி வைத்தவர்தான். மகள் செய்வதைப் பார்த்துச் சிரித்தார். “இது ஹைப்ரிட்டா இருக்கும். கடைப் பழத்து விதை தாய் மாதிரி வராது பாப்பா.”

“வராட்டி போகட்டும்ப்பா. என்னதான் வருதுன்னு பார்ப்போம்.”

கொடைக்கானலில் தக்காளியா?

கொடைக்கானலில் தக்காளி என்றால் பலருக்கும் மரத்தக்காளிதான் ஞாபகம் வரும். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் சிறு மரம். முட்டை வடிவத்தில் சிவப்புப் பழம். பாதியாக வெட்டி, சர்க்கரை தூவி ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடலாம். சுட்டு சட்னியும் அரைக்கலாம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதியிலிருந்து வந்த மரம் என்பதால், இந்த மலைக் குளிர் அதற்குப் பழகிவிட்டது.

சாதாரணத் தக்காளி அதற்கு உறவுதான், ஆனால் சூடு கேட்கிற உறவு. விதை முளைக்க மண்ணில் 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே போனால் விதை அசையாது. கொடைக்கானலில் ஜனவரி ராத்திரிகள் அதற்கும் கீழே போகும். பள்ளமான இடங்களில் புல்மேல் உறைபனியே படியும்.

ஜனவரி கடைசியில் வாசல் தொட்டியில் போட்ட விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. மார்ச்சில் மறுபடி போட்டார். இந்த முறை குழித்தட்டில் தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, கால் அங்குல ஆழத்தில் விதைத்து, அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். ஃப்ரிட்ஜிலிருந்து கசியும் இளஞ்சூடு போதுமாக இருந்தது. ஒன்பதாம் நாள் முளை எட்டிப் பார்த்தது. முளைத்ததுமே தட்டை வெளிச்சமான ஜன்னலுக்கு மாற்றினார். வெளிச்சம் குறைந்தால் நாற்று வெளிறி, ஒல்லியாக நீண்டு சாய்ந்துவிடும்.

மே கடைசியில் நாற்றுகளைக் கொல்லையில் நட்டார். ஜூலையில் செடிகள் இடுப்பளவு வளர்ந்து பூத்தபோது, ஊரெல்லாம் தக்காளிப் பேச்சாக இருந்தது. கிலோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. “உங்க வீட்டுக் கொல்லையில நகைக்கடையே வெச்சிருக்கீங்க” என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்கள்.

அந்த நகைக்கடையில் சரக்குதான் இல்லை. ராத்திரி வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ காம்போடு உதிரும். தப்பிப் பிடித்த பிஞ்சுகள் செப்டம்பரில்தான் பருத்தன. அதற்குள் கீழே விலை சரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில், பழத்தைச் சாலையோரம் கொட்டும் வீடியோக்கள் வர ஆரம்பித்தன. மகள் அவற்றை அப்பாவுக்குக் காட்டவில்லை.

அக்டோபர் மழையில், ஒரு வாரம் விடாத பனிமூட்டத்தில், இலைகளில் தண்ணீர் பட்ட மாதிரி திட்டுகள் வந்தன. பழுப்பாகிக் கறுத்தன. பிஞ்சுகளும் கறுத்தன. எட்டு நாளில் எல்லாச் செடியும் கருகிப்போனது.

“பின்கருகல்” என்றார் பெரியவர், ஒரே பார்வையில்.

உருளைக்கிழங்கைத் தாக்கும் அதே நோய்தான் இது. கிருமியும் ஒன்றே. அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் தங்கள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிய 1845-ஆம் ஆண்டில்தான், அயர்லாந்தில் இந்த நோய் உருளைக்கிழங்கு வயல்களில் புகுந்தது. அடுத்தடுத்த வருஷங்களின் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். குளிர், ஈரம், இலைமேல் மணிக்கணக்கில் நிற்கும் தண்ணீர். இந்த மூன்றும் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். உருளைக்கிழங்கு விளையும் கொடைக்கானல் மேல்மலையில் மூன்றுக்கும் பஞ்சமே இல்லை.

கருகிய செடிகளைப் பிடுங்கி மூட்டை கட்டினார் மகள். அவர் கண் கலங்கியதைப் பெரியவர் பார்த்தார். அன்று மாலை, வந்ததிலிருந்து முதல் தடவையாகக் கொல்லையைச் சுற்றி நடந்தார்.

பெரியவர் போட்ட பந்தல்

“மழை மேல விழக் கூடாது. காத்து உள்ள போகணும். அவ்வளவுதான்.”

பசுமைக் குடில் என்று பெரிய பேர் இருந்தாலும், பெரியவர் சொன்ன திட்டம் ஒரு பந்தல்தான். 10 அடிக்கு 8 அடி. மூங்கில் கால்கள். மேலே வெயில் தாங்கும் 200 மைக்ரான் பாலித்தீன் ஷீட். பக்கவாட்டில் வலை. ராத்திரி இறக்கி, காலையில் சுருட்டி வைக்க ஷீட்டிலேயே திரை. இடத்தை அவரே தேர்ந்தெடுத்தார். காலை வெயில் முதலில் விழும் கிழக்கு மூலை. பனிமூட்டம் மதியத்துக்கு மேல் இறங்கும் ஊரில், காலை வெயிலை விட்டால் வேறு வெயில் நிச்சயமில்லை. செடி சர்க்கரை செய்வது வெயிலில்தான். அது குறைந்தால் பழம் சிவக்கும், இனிக்காது.

2024 பிப்ரவரியில் மருமகனும் பேத்தியும் பிடிக்க, பெரியவர் சொல்லச் சொல்லப் பந்தல் எழுந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு காட்டுமாடு வந்து ஒரு பக்கத்து மூங்கிலைச் சாய்த்துவிட்டுப் போனது. கொடைக்கானல் வீதிகளில் காட்டுமாடுகள் நடந்து போவது புதிதல்ல. பெரியவர் கோபப்படவில்லை. “அதோட பாதையில நாமதான் கால் நட்டிருக்கோம்” என்று பந்தலை இரண்டு அடி தள்ளிப் போடச் சொன்னார்.

மிச்சமிருந்த விதைகளில் முளைத்த 12 நாற்றுகள் ஏப்ரலில் நடப்பட்டன. தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்து நடச் சொன்னார் பெரியவர். புதைந்த தண்டிலிருந்தும் தக்காளி வேர் விடும். மகள் பிளவுஸ் தைத்து மிஞ்சிய துணிக் கீற்றுகளால் செடிகளைக் குச்சியில் கட்டினார். இலைக்கக்கத்தில் முளைக்கும் பக்கக் கிளைகளை வாரம் ஒருமுறை கிள்ளினார். தரையை ஒட்டிய இலைகளை வெட்டிவிட்டார். தண்ணீரை வேரில் மட்டும், காலையில் மட்டும் ஊற்றினார். இலை நனையாத வரை கருகல் கிருமிக்கு வழியில்லை.

பூத்த பிறகு இன்னொரு வேலை வந்தது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால், அந்த மகரந்தம் உதிர யாராவது பூவை அதிர வைக்க வேண்டும். வெளியே காற்றும், ரீங்காரத்தாலேயே பூவை உலுக்கும் சிலவகை வண்டுத் தேனீக்களும் அதைச் செய்யும். வலைக்குள்ளே அவை வராது. பெரியவர் மகளின் தையல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு, தினமும் பத்து மணி வாக்கில் வெயில் ஏறியதும் ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பையும் மெதுவாகத் தட்டுவார். துணி அளக்க ஸ்கேல் வேண்டுமென்றால், மகள் பந்தலுக்குப் போய்த்தான் வாங்கி வர வேண்டும்.

அந்த வேலை தொடங்கியதிலிருந்து அவர் மதியத்தில் சாப்பிட்டார். சில நாள் இரண்டாவது முறை சோறு கேட்டார்.

பச்சைத் தோள்

ஜூலை கடைசியில் பழுக்கத் தொடங்கியது. பெரியவர் சொன்னது சரியாக இருந்தது. பன்னிரண்டு செடியும் பன்னிரண்டு விதம். ஒன்று உருண்டை, ஒன்று நீளம். ஒன்று புளிப்பு, ஒன்று சப்பென்று தண்ணீர். ஹைப்ரிட் என்பது இரண்டு வேறு ரகங்களைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை. அது மட்டும்தான் ஒரே மாதிரி இருக்கும். அதன் விதையைப் போட்டால் தாத்தா பாட்டி குணமெல்லாம் கலைந்து, ஆளுக்கு ஒன்றாக வெளியே வரும்.

வடகிழக்கு ஓரத்துச் செடியில் காய்கள் பருக்கும்போதே காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருந்தது. பழுத்த பிறகும் அந்தத் தோள்பகுதியில் லேசாகப் பச்சை நின்றது. பெரியவர் அதைப் பறித்துத் தனியாக வைத்தார். பழக்கதோஷம். “இது ரெண்டாம் தரம் பாப்பா. வியாபாரி எடுக்க மாட்டான்.”

அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த பேத்திதான் அதை எடுத்துத் தின்றாள். தின்றவள் நின்றாள். “தாத்தா, இருக்கறதுலேயே இதுதான் இனிப்பு.”

அவள் தாவரவியல் படிக்கிறாள். ராத்திரி போனில் தேடிப் படித்துவிட்டு வந்து விளக்கினாள். வியாபாரத்துக்காக, பழம் முழுக்க ஒரே சீராகச் சிவக்கும் ரகங்களை உலகமெங்கும் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். அந்தச் சீரான நிறத்துக்குக் காரணம் ஒரு மரபணுவில் ஏற்பட்ட கோளாறு என்று கண்டுபிடித்து, 2012-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் மற்றவர்களும். காயின் தோளில் இருக்கும் கரும்பச்சையும் இலைபோல வெயிலைப் பிடித்துக் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறது. அந்தப் பச்சையைத் தொலைத்த ரகங்கள், அந்தக் கொஞ்சம் இனிப்பையும் தொலைத்துவிட்டன.

“அழகுக்காக ருசியைக் கொடுத்திருக்காங்க தாத்தா. இன்னொண்ணு, இதை ஃப்ரிட்ஜுலயும் வைக்கக் கூடாதாம். அந்தக் குளிர்ல மணம் போயிருமாம்.”

பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முதன்முதலில் போட்டதே பச்சைத் தோள் தக்காளிதான். இதே மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கும் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம். 1. தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கியது. காம்பைச் சுற்றிப் பச்சைத் தோளும், தூரத்துப் பயணத்தைத் தாங்கும் உடம்பும் அதன் அடையாளம். விதையை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம், தாய் மாதிரியே வரும். பிறகு ஹைப்ரிட்டுகள் வந்தன. விளைச்சல் கூடியது. சீராகச் சிவந்த பழம் கேட்டார்கள். பச்சைத் தோள் இரண்டாம் தரமானது. வருஷா வருஷம் விதைப் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியும் வந்தது.

அவர் ஒரு பழத்தை எடுத்து மென்றார். ரொம்ப நேரம் பேசவில்லை.

“நல்லாப் பழுத்த பழத்தை நான் சாப்பிட்டதே இல்ல பாப்பா. செங்காயாப் பறிச்சு அனுப்பிருவோம். செடியிலேயே பழுக்க விட்டது அந்த ஒரு வருஷந்தான். அதையும் ஆட்டுக்கு விட்டேன்.”

மகள் செடி கட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“அந்தக் காசு வந்திருந்தா நீயும் மேல படிச்சிருப்ப.”

“விடுங்கப்பா.”

“விட முடியல பாப்பா. தெனம் காலையில வெல கேக்குறேன்ல? இன்னிக்கு எவன் வீட்டுப் புள்ள நின்னுபோச்சோன்னு தோணும். அதான் கேக்குறேன்.”

முப்பது வருஷம் கழித்து வந்த அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மகள் துணிக் கீற்றை முடிச்சுப் போட்டு முடித்தார். பிறகு வீட்டுக்குள் போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டு வந்து, பந்தலுக்குள்ளேயே அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். பேத்தி தட்டில் பழங்களை வைத்தாள். மூவருமாக அந்தக் கொத்தைச் சாப்பிட்டு முடித்தார்கள், நான்கு பழத்தைத் தவிர. அந்த நான்கும் விதைக்கு.

ஏழு தலைமுறை

இனிப்பான ஒரு செடியின் விதையை எடுத்து வைத்தாலும், அடுத்த முறை எல்லாமே இனிக்கும் என்று உறுதி கிடையாது. ஒவ்வொரு தலைமுறையிலும் நல்லதைத் தேர்ந்தெடுத்து, அதன் விதையை மட்டும் போட்டு, மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். கலப்புக் குணம் ஒவ்வொரு தடவையும் பாதியாகக் குறையும். ஆறேழு தலைமுறை போனால் ரகம் நிலைத்துவிடும். அதன் பிறகு தாய் மாதிரியே பிள்ளை வரும்.

கொடைக்கானல் குளிரில் வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். பெரியவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “இப்ப எனக்கு 76. ரகம் நிக்கும்போது எண்பத்திரண்டு, எண்பத்திமூணு ஆகும்.” பேத்தி என்ன சொல்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். பெரியவர் கவரில் தேதியை எழுதச் சொன்னார். எந்தச் செடி, எந்த மூலை, என்ன ருசி என்றும் எழுதச் சொன்னார். “நான் இருந்தா நான் பாக்குறேன். இல்லாட்டி எழுதினதைப் பார்த்து நீ போடு.”

2025-ல் அந்த விதைகளில் 20 நாற்று வந்தது. பந்தலில் இடம் போதாமல் 14 நட்டார்கள், மீதியை அக்கம்பக்கத்தில் கொடுத்தார்கள். ஐந்து செடிகள் நன்றாக இனித்தன. இரண்டு புளித்தன. ஒன்றில் சிவப்புக்குப் பதிலாக மஞ்சள் பழம் வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அந்த மஞ்சளுக்குத்தான் தினமும் வேலி ஏறி வருகிறான். இனித்த ஐந்தில் சிறந்த செடிக்கு மகள் ஒரு சிவப்புத் துணிக் கீற்றைக் கட்டியிருக்கிறார். அதன் முதல் கொத்தை யாரும் தொடக் கூடாது. யாராவது கை நீட்டினால், “அது விதைக்கு” என்று திண்ணையிலிருந்தே குரல் வரும்.

காலையில் டீ டம்ளரை வாங்கியதும் பெரியவர் இப்போதும் கேட்கிறார். “பாப்பா, பெட்டி என்ன வெல?”

மகள் போனைப் பார்த்துச் சொல்கிறார். தலையை ஆட்டிவிட்டு, தையல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போகிறார் பெரியவர். திரையைச் சுருட்ட வேண்டும். பத்து மணிக்குப் பூக்களைத் தட்ட வேண்டும்.